நீச்சல் தடாகத்தைப் பார்த்துவிட்டோம், வகுப்பறையைக் காட்டுங்கள்

கொழும்பில் பிரித்தானியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் சர்வதேசப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பணிப்பாளர் சபைகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மார்கழியில் லண்டன் ஹரோவிலிருந்து நாங்கள் நான்கு பேரும் கொழும்பில் வந்து இறங்கினோம். என் கணவருக்கு இங்கே மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை. நான் பம்பலப்பிட்டியில் பிறந்து இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியில் படித்தவள். ஆகவே எனக்கு இது ஊர் திரும்புதல். பிள்ளைகளுக்கோ அந்நிய தேசம். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. வெள்ளவத்தையில் வீடு பிடிக்க நான்கு நாள் போதுமாக இருந்தது. பாடசாலை பிடிக்க ஏழு வாரம் பிடித்தது: மூன்று வாரம் அங்கிருந்தபடியே மின்னஞ்சலில், நான்கு வாரம் இங்கே நேரில். உங்களில் ஐந்து பேருடைய வாசற்படியை மிதித்திருக்கிறேன். பெயர் சொல்லி யாரையும் குறை கூற வரவில்லை. அடுத்த மார்கழியில் ரொறொன்ரோவிலிருந்தோ டுபாயிலிருந்தோ இன்னொரு தாய் பெட்டிகளோடு வந்து இறங்குவாள். அவளுக்காகத்தான் இந்த மடல்.

ஐந்து இடங்களில் நான்கில் சுற்றிக்காட்டல் ஒரே தடத்தில்தான் போனது. முதலில் நீச்சல் தடாகம். பிறகு கேட்போர்கூடம், அதன் மேடையில் துணி போர்த்திய பியானோ. பிறகு கணினி அறை, அதற்கடுத்து வெற்றிக் கிண்ணங்கள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி. வகுப்பறைக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். "பாடம் நடக்கிறது, இடையூறு செய்யக்கூடாது" என்று கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்க மட்டும் விட்டார்கள். ஓரிடத்தில் அந்தக் கண்ணாடியிலும் மாணவர்கள் செய்த பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. என் மகள் நீந்தப் போவது கிழமைக்கு ஒரு பாடவேளை. மீதி நேரமெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கப் போகிறாள். பத்து நிமிடம் பின் வாங்கில் உட்கார விடுங்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு பாடசாலை விட்டது.

ஹரோவில் ஒரு பாடசாலையைப் பற்றி அறிய வேண்டுமானால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இங்கிலாந்தின் பாடசாலைப் பரிசோதனை அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் அறிக்கையைத் தேடி எடுத்து வாசிக்கலாம். இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு சேர்க்கை அலுவலரிடம் கேட்டேன். "நாங்கள் கேம்பிரிட்ஜ் அங்கீகாரம் பெற்றவர்கள், மெடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை நடத்த அனுமதி பெற்ற நிலையமாக இருப்பது வேறு, உள்ளே நாலாம் ஆண்டு வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று வெளியார் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கேட்கும் வாயை அடைப்பது உங்களில் பலருக்குக் கைவந்த கலையாகிவிட்டது.

இதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பாளிகள் என்று சொல்ல மாட்டேன். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தபோது, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியும் அடைபட்டது. திறந்த பொருளாதாரம் வந்த பின் ஆங்கிலவழிக் கல்விக்குத் தேவை பெருகியது. சட்டத்தின் முன்கதவு பூட்டியே இருந்ததால் நீங்கள் பக்கக் கதவால் வந்தீர்கள், கம்பனிகளாகப் பதிந்துகொண்டு. இன்றைக்கும் உங்களுக்குப் பொருந்துவது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். பிஸ்கட் செய்கிற கம்பனிக்கும் அதுவேதான். பிஸ்கட்டுக்காவது பக்கற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட வேண்டிய கட்டாயம் உண்டு.

'பிரித்தானிய' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. வெளியிலிருந்து தேடுகிறவளுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். 1957இல் தொடங்கிய கொழும்பு ஓவர்சீஸ் ஸ்கூல் ஐ.பி. எனும் இன்டர்நஷனல் பக்கலோரியேட் வழியில் செல்வது. 1982இல் வந்த கொழும்பு இன்டர்நஷனல் ஸ்கூலும் 1994இல் வந்த பிரிட்டிஷ் ஸ்கூலும் பிரித்தானியப் பரீட்சை வழி. இந்த வேறுபாடே எனக்குப் பிடிபட இரண்டு நாளாயிற்று. போதாக்குறைக்கு, 'சி.ஐ.எஸ்.' என்ற மூன்றெழுத்து கொழும்பில் ஒரு பாடசாலையின் சுருக்கப் பெயர். நெதர்லாந்தில் இருந்து உலகப் பாடசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஓர் அமைப்புக்கும் அதே சுருக்கப் பெயர். ஒன்றை மற்றதென்று எண்ணி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். இதில் யார் மேலும் குற்றமில்லை, என் தலைவிதி.

பிரித்தானியக் கல்வித் திணைக்களத்துக்கு, கடல்கடந்த பிரித்தானியப் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பி.எஸ்.ஓ. என்பார்கள். யாரையும் அது கட்டாயப்படுத்தாது. விரும்பிய பாடசாலை செலவைத் தானே ஏற்றுப் பரிசோதகர்களை அழைக்கலாம். அவர்கள் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து எழுதும் அறிக்கையை எவரும் வாசிக்கலாம். அந்தப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தால் அறிக்கையை உங்கள் இணையத்தளத்தின் முகப்பில் போடுங்கள். உட்படவில்லையென்றால் 'உட்படவில்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக நான் உங்களை ஒதுக்க மாட்டேன். மழுப்பினால் ஒதுக்குவேன்.

மகனுடைய கதைக்கு வருகிறேன். அவன் அங்கே பத்தாம் ஆண்டின் முதல் தவணையை முடித்திருந்தான். ஒரே பிரித்தானியப் பாடத்திட்டம்தானே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டியதுதான் என்று நினைத்திருந்தோம். அறியாமை. இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் பதினாறு வயதில் எழுதும் பரீட்சை ஜி.சி.எஸ்.ஈ.; இங்கே எழுதுவது அதன் சர்வதேச வடிவமான ஐ.ஜி.சி.எஸ்.ஈ. அதிலும் பரீட்சைச் சபைகள் இரண்டு: கேம்பிரிட்ஜ் ஒன்று, எடிக்செல் ஒன்று. ஒரே பாடசாலையில் கணிதம் ஒரு சபையின் தாள், ஆங்கிலம் இன்னொரு சபையின் தாள் என்றும் இருக்கும். வரலாற்றில் அவன் படித்து வந்தது இங்கிலாந்தில் மருத்துவம் வளர்ந்த கதை. இங்கே அதே வகுப்பு உலகப் போர்களின் நடுவில் நின்றது. உயர்தரத்திலும் இதே வேறுபாடு. இங்கிலாந்தில் 2015இலிருந்து படிப்படியாக உயர்தரப் பரீட்சை முழுவதையும் இரண்டாம் ஆண்டின் முடிவில் எழுதும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். எடிக்செல்லின் சர்வதேச உயர்தரமோ இன்னும் அலகு அலகாக எழுதக்கூடியது. பெயர் ஒன்றுதான், பரீட்சை வேறு.

மகனைச் சேர்க்கப் போன இடங்களில் ஒன்று, "தாராளமாக, திங்கட்கிழமையே வரட்டும், விட்டதை ரியூசனில் பிடித்துக்கொள்ளலாம்" என்றது. இன்னொன்று ஒன்பதாம் ஆண்டுக்கு இறக்கச் சொன்னது. ஏனென்று கேட்டால் "அதுதான் எங்கள் வழமை". ஐந்தாவது இடத்தில்தான், "அவனுடைய லண்டன் கொப்பிகளைக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். அதற்குள் எங்கள் கப்பல் சாமான் வந்திருந்தது நல்ல காலம்.

கணிதப் பகுதித் தலைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொப்பிகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார். எடிக்செல் பாடவிதானத்தின் அச்சுப் பிரதியை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு தலைப்பாகக் குறியிட்டுக்கொண்டே போனார். திரிகோண கணிதத்துக்குப் பாதிச் சரி. வெக்டர் எனும் காவிகளுக்கு ஒரு கேள்விக்குறி. ஓரிடத்தில் பென்சில் நின்றது. "வகையீடு இங்கே பத்தாம் பதினோராம் ஆண்டிலேயே வரும், அங்கே ஜி.சி.எஸ்.ஈ. கணிதத்தில் அது இல்லை. இதைத்தான் நாங்கள் ஈடுசெய்ய வேண்டும்" என்றார். நுண்கணிதத்தில் வரும் வகையீடு என்ற சொல்லை இராமநாதனில் உயர்தர வகுப்பில் கேட்டதற்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். நாற்பது நிமிடம் அவர் கைபேசியைத் தொடவில்லை. முடிவில், பத்தாம் ஆண்டிலேயே இருக்கலாம், மூன்று மாதம் வாரத்தில் இரண்டு பிற்பகல் தன்னிடம் நிற்கட்டும் என்றார். அந்தப் பாடசாலையில் நீச்சல் தடாகம் இல்லை. பிள்ளைகளை வேறோர் இடத்துக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

அங்கே மகளுடைய வகுப்பில் ஏப்ரல் விடுமுறை முடியும் வரை இடமில்லை. அதனால் அவளை ஒரு தவணைக்கு வேறோர் இடத்தில், தடாகம் உள்ள இடத்தில், சேர்த்தோம். சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் 'தமிழ்' என்று எழுதினேன். முழு உண்மை என்று சொல்ல முடியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் பத்துப் பதினைந்து சொல் தமிழில் வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் வேறொன்றை எழுத என் கை போகவில்லை.

நேர்முகத்தில் ஓர் ஆசிரியை படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார். மகள் ஹரோ ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினாள். ஆசிரியைக்குப் பாதி விளங்கவில்லை. "கொஞ்சம் மெதுவாகச் சொல்லு, மகள்" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது: வீட்டு மொழி தமிழாக இருப்பதால் பிள்ளைக்கு மேலதிக ஆங்கில வகுப்பு கட்டாயம், வாரத்தில் மூன்று நாள், கட்டணம் தனி. சங்கீத பாடவேளையில் அவளை எழுப்பிக்கொண்டு போனார்கள். முதல் நாள் வந்து கேட்டாள், "அம்மா, இது பேனா, இது பென்சில் என்று எனக்கு ஏன் சொல்லித் தருகிறார்கள்?"

நான் போய்ப் பேசினேன். படிவத்தைத் திருத்தி எழுதித் தந்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார்கள். பிள்ளையை மறுபடி பேச வைத்துக் கேட்கலாமே என்றேன். படிவம்தான் முக்கியம் என்றார்கள். அடுத்த வீட்டு மாமி சிரித்தார். "ஆங்கிலம் என்று எழுதியிருக்கலாமே பிள்ளை, இங்கே எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்" என்றார். அந்த 'எல்லாரும்' என்ற சொல் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. கொழும்பில் எத்தனை வீட்டில் ஒரு தாய் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்திருப்பாள்?

அதே பாடசாலையில் தமிழ் ஒரு பாடமாக உண்டா என்று கேட்டபோது, போதிய மாணவர் இல்லை என்றார்கள். இரண்டு மணிக்குப் பாடசாலை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். மகளுடைய வகுப்பில் 22 பேர். தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டு நின்ற தாய்மார் மட்டும் ஏழு பேர். படிவங்களில் அந்த ஏழு பேரும் என்ன எழுதியிருந்தார்களோ, யார் கண்டது. கேம்பிரிட்ஜின் உயர்தரப் பாடப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருக்கக் கண்டிருக்கிறேன். கேம்பிரிட்ஜுக்குத் தெரிகிற மொழி வெள்ளவத்தைக்கு மூன்று மைல் தள்ளியிருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

பெறுபேற்றுக் காலத்து விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் முழுப்பக்கத்துக்குப் பிள்ளைகளின் முகங்கள், கீழே 'உலகிலேயே முதலிடம்'. அந்தப் பிள்ளைகளை நான் மனமார வாழ்த்துகிறேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருத்திக்கு அந்தப் பக்கம் ஒன்றும் சொல்வதில்லை. பதினோராம் ஆண்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரைப் பாடசாலையின் பெயரில் எழுத விட்டீர்கள், எத்தனை பேரை 'தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுது' என்று வெளியே அனுப்பினீர்கள்? இன்னொன்றும் உண்டு, இதை எல்லாரும் அறிவார்கள், யாரும் எழுதுவதில்லை. மூன்று மணிக்குப் பம்பலப்பிட்டிப் பக்கம் வந்து பாருங்கள். உங்கள் சீருடைகளோடு வான் வானாக ரியூசன் வகுப்புகளின் வாசலில் இறங்குகிறார்கள். விளம்பரத்தில் உள்ள 'ஏ ஸ்டார்' என்ற உச்சப் பெறுபேறு யாருடையது என்று அந்த ரியூசன் ஆசிரியர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். மூன்று ஆண்டுக்கு வந்திருக்கிற ஒரு குடும்பம் கட்டணத்தையும் கட்டி, அதற்கு மேல் நான்கு பாடத்துக்கு ரியூசனும் தேட வேண்டுமென்றால் அதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுவதுதான் நாணயம்.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை எனக்கு வெள்ளைத் தோல் தேவையில்லை. விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் மட்டும் சிரிக்கிற வெள்ளைக்காரர் ஒருவரைவிட, மேலே சொன்ன பென்சில் பிடித்த பெண்மணி எனக்குப் பத்து மடங்கு மேல். நான் அறிய விரும்புவது ஒன்றுதான்: இருக்கிறவர்கள் நிற்கிறார்களா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நல்ல ஆசிரியர்கள் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, நானே ஒரு காலத்தில் ஏறினவள்தான். ஆனால் கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை பேர் போனார்கள், அவர்களுடைய வகுப்புகளை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கு விடை இருக்க வேண்டும்.

கட்டணம். தவணைக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு, சேர்க்கைக் கட்டணம், வசதிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வான், சீருடை என்று ஒவ்வொன்றாகப் பிறகு எடுத்து விடுகிறீர்கள். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் போடக் கூடாதா? மீளளிக்கத்தக்க வைப்புப் பணத்தைப் பற்றி என் சிநேகிதி ஒருத்தியின் கதை: டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த 2021இல் கட்டினாள். 360ஐத் தொட்டிருந்த 2022இல் நாட்டை விட்டுப் போனபோது அதே ரூபாய்த் தொகை, சதம் குறையாமல், கைக்கு வந்தது. கணக்கு சரி. பாதிக்குக் கிட்டப் பணம் எங்கே போனது என்று கேட்டால் மத்திய வங்கியைத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தில் வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டிச் சொல்லி, எந்த நாணயத்தில் கட்டினால் எந்த நாணயத்தில் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, மேற்படிப்பு ஆலோசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிரித்தானியக் கடவுச்சீட்டுத்தானே, அங்கே போனால் உள்நாட்டு மாணவன் கட்டணம்தான்." தவறு. இங்கிலாந்தில் அதற்குக் கடவுச்சீட்டு மட்டும் போதாது. படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டு பிரித்தானியாவில் வழமையாக வசித்திருக்க வேண்டும். பெற்றோரின் தற்காலிக வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் அந்த வேலை தற்காலிகமானது என்று பல்கலைக்கழகத்துக்கு ஆவணங்களால் காட்ட வேண்டும். ஒப்பந்தக் கடிதம், லண்டன் வீட்டுப் பத்திரம் என்று நான் இப்போதே ஒரு கோப்பைத் திறந்துவிட்டேன். உள்நாட்டுக் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் இடையில் ஒரு வீட்டுக்கான முற்பணம் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. பதினான்கு வயதில் வருகிற பிள்ளையின் பெற்றோருக்குச் சேர்க்கை நாளிலேயே இதைச் சொல்வது உங்கள் கடமை. பதினெட்டு வயதில் சொல்லிப் பயனில்லை.

உங்கள் சபைகள் கூடும்போது இந்த மடலை மேசையில் வைத்துப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன். யாராவது ஒரு பாடசாலை, ஒரே ஒரு பக்கத்தில், உங்களை யார் பரிசோதித்தார்கள், எந்தப் பாடத்துக்கு எந்தப் பரீட்சைச் சபை, மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை ஆசிரியர்கள் போனார்கள், தமிழ் உண்டா இல்லையா என்று எழுதி வெளியிட்டால், அந்தப் பக்கத்தை நானே பிரதி எடுத்து ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் உள்ள என் சிநேகிதிகளுக்கு அனுப்பி வைக்கிறேன். விளம்பரச் செலவு உங்களுக்கு மிச்சம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
வெள்ளவத்தை.

பி.கு.: மேலதிக ஆங்கில வகுப்புக்காக அறவிட்ட பணம் இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், இரண்டும் ஆங்கிலத்தில்தான். மூன்றாவதை மகள் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.